வெயில் ஏறிய பிறகு பீக்காக் பாஸ் எங்கே போகிறது?

கேள்வி: அண்ணே, நான் கோலாலம்பூர் சிகாம்புட்டில் இருக்கிறேன். ரவாங் பக்கம் ஒரு பழைய ஈயக்குட்டைக்கு (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது) நண்பரின் கயாக் படகில் போவது வழக்கம். காலை எட்டரை வரை கரையோரம் பீக்காக் பாஸ் மீன் நன்றாக அடிக்கிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆழத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்கக்காரர்கள் ஆழத் தண்ணீரில் பாஸ் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து, நடுக்குட்டையில் ஜிக்கை (கனமான போலி இரை) அடிமண் வரை இறக்கி மெதுவாக இழுத்தேன். மூன்று வாரமாகக் கருப்புச் சேறுதான் வருகிறது. ஒரே ஒரு தடவை சரிவுப் பக்கம் ஒரு கிலோ மீன் கிடைத்தது. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன், மல்லாந்து மிதந்தது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தம்பி, அடுத்த முறை அந்தக் கருப்புச் சேறு வந்தால் ஜிக்கைக் கழுவுவதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிராணவாயு தீர்ந்துபோன இடத்தில்தான் அந்த வாடை வரும். அங்கே எந்த பாஸும் நிற்காது, நீங்கள் எவ்வளவு விலைக்கு ஜிக் வாங்கிக் கட்டினாலும் சரி.

நம் ஊர் ஈயக்குட்டைகள் பரப்பில் சின்னவை, கரை செங்குத்து, சுற்றிலும் மரமும் மேடும் இருப்பதால் காற்று தண்ணீரைப் பெரிதாகக் கலக்காது. வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலேயே நிற்கும், குளிர்ந்தது கனமாக அடியில் கிடக்கும். குளிர்காலம் வரும் நாடுகளில் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, வருடத்தில் ஓரிரு முறையாவது முழுக் குளமும் புரண்டு கலந்துவிடும். நமக்கு அது கிடையாது. இலை, சருகு, செத்த மீன் எல்லாம் அடியில் அழுகி அங்கிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், மேலிருந்து புதிதாக வராது. அதனால் பன்னிரண்டு மீட்டர் ஆழக் குட்டை என்றாலும் மீன் வாழும் தண்ணீர் மேலே உள்ள பாதியாகத்தான் இருக்கலாம். நீங்கள் மூன்று வாரமாக இழுத்தது அதற்குக் கீழே.

சரி, அப்படியென்றால் மீன் எங்கே? நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் சந்திக்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அந்த மட்டம் கரைச்சரிவைத் தொடும் இடத்தில். குட்டையின் நடுவில் மறைந்து நின்று பாய எதுவும் இல்லை. சரிவில்தான் பழைய மரக்கட்டை, மண்மேடு, இடிந்து விழுந்த கரை எல்லாம் இருக்கும், சின்னத் திலாப்பியாவும் அங்கேதான் ஒதுங்கும். உங்களுக்குக் கிடைத்த ஒரே மீன் சரிவில் கிடைத்தது, அது தற்செயல் இல்லை.

அந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க ஃபிஷ் ஃபைண்டர் இருந்தால் எளிது, மீன் புள்ளிகள் எந்த ஆழத்துக்குக் கீழே அடியோடு நின்றுவிடுகின்றன என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் நான் செய்வதைச் செய்யுங்கள். கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பெரிய ஈயக்குண்டைக் கட்டி, குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். கரையிலிருந்து நடுப்பக்கம் போகப் போக இறக்கித் தூக்குங்கள். மூன்று மீட்டரில் மணலோ பழுப்பு மண்ணோ ஒட்டி வரும், ஐந்தில் களிமண், ஏழில் கறுத்து நாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் வேலை நாலிலிருந்து ஆறு மீட்டர் வரைதான். இது ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை, ஆனால் ஒரு காலை நேரத்தை இதற்குச் செலவழித்தால் பல மாதம் வீணாகாது.

அடுத்து அந்த வீடியோக்கள். அங்கே காட்டுவது லார்ஜ்மவுத் பாஸ், குளிரில் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும், அதனால்தான் ஜிக்கை அடியில் உருட்டி உருட்டி நகர்த்துகிறார்கள். நம் குட்டையில் உள்ளதற்குப் பெயரில்தான் பாஸ். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, திலாப்பியாவின் குடும்பம். வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குப் பிடிக்கும், கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடும், பகலில்தான் சாப்பிடும், இரவில் தூங்கிவிடும். மெதுவாக ஊர்வதை அது சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும், தப்பித்து ஓடுவதைத்தான் விரட்டிவந்து அடிக்கும். ஆகவே ஆழத்திலும் வேகம் வேண்டும்.

கயாக்கைச் சரிவுக்கு வெளியே, ஆழமான பக்கம் நிறுத்திக் கரையைப் பார்த்து வீசுங்கள். ஏழு கிராம் ஜிக் ஹெட்டில் மூன்று அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் போலி மீன், அல்லது பத்து கிராம் மெட்டல் ஜிக். இரண்டுக்கும் இறங்கும் வேகம் வேறு, அதனால் முதலில் ஆழம் தெரிந்த இடத்தில் விட்டு எண்ணிப் பாருங்கள். என்னுடைய ஏழு கிராம் ஜிக் ஐந்து மீட்டர் இறங்க எட்டு எண்ணுகிறேன், உங்கள் எண்ணிக்கை உங்கள் வாய் வேகத்தைப் பொறுத்தது. விழுந்ததும் எண்ண ஆரம்பியுங்கள், தண்ணீர்மேல் கிடக்கும் தூண்டில் நரம்பை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். எட்டு வரை சீராக உள்ளே போகவேண்டிய நரம்பு ஐந்திலேயே சட்டென்று நின்று தளர்ந்தால் அது மண் இல்லை, மீன். கையில் எந்தத் தட்டலும் தெரியாது. ‘கடிக்கவே இல்லை’ என்று சொல்லும் ஆட்களில் பாதிப் பேர் இந்தத் தளர்ச்சியைத் தவறவிட்டவர்கள் என்பது என் எண்ணம். எதுவும் ஆகாமல் எட்டு வந்துவிட்டால் கோலை இரண்டு முறை பலமாகச் சுண்டி, நாலைந்து சுற்று வேகமாகச் சுற்றி, நிறுத்தி, மறுபடி விழ விடுங்கள். சரிவு உங்கள் பக்கம் இறங்கிக்கொண்டே வருவதால் ஜிக்கும் படிப்படியாக அதையொட்டி இறங்கும். நாறும் மட்டம் வந்ததும் எடுத்து மறுபடி வீசுங்கள்.

இதற்குப் பின்னல் நரம்பு அவசியம். நைலான் தங்சி நீளும், ஆழத்தில் நீங்கள் சுண்டுவது ஜிக்குக்குப் போய்ச் சேராது. பதினைந்து பவுண்ட் பின்னல், முன்னால் ஒரு மீட்டருக்கு இருபது பவுண்ட் ஃபுளூரோகார்பன் லீடர் போதும். பீக்காக் பாஸுக்கு நரம்பை அறுக்கும் பல் இல்லை. குட்டையில் தோமான் (கூரிய பல் உள்ள பெரிய விரால்) இருந்தால் மட்டும் லீடரைத் தடியாக்குங்கள்.

பெருமழைக்கு மறுநாள் ஆழத்தில் நான் தூண்டில் போடுவதில்லை. குளிர்ந்த மழைத்தண்ணீர் இறங்கிக் கீழே உள்ள கெட்ட தண்ணீரைக் கலக்கிவிடும், சில சமயம் மீன் செத்தே மிதக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போங்கள்.

இனி அந்த மல்லாந்த மீன். நீங்கள் கவலைப்பட்டு எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, அங்கிருந்து தூக்கினால் மீனின் காற்றுப்பைக்குள் உள்ள வாயு இரட்டிப்பாக விரியும். இந்த மீனுக்குக் காற்றுப்பையிலிருந்து வாய்க்கு வழி கிடையாது, ஏப்பம் விட்டு வெளியேற்ற முடியாது. வயிறு கல் மாதிரி உப்பி, கண் பிதுங்கியிருந்தால் அதுதான் காரணம். வாய்க்குள் பலூன் மாதிரி ஏதாவது தெரிந்தால் குத்திவிடாதீர்கள், அது இரைப்பை. ஒரு கனமான ஈயக்குண்டோடு எதிர்முள்ளை நறுக்கிய தூண்டில் கொக்கியைத் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழுதட்டில் லேசாக மாட்டி ஐந்தாறு மீட்டர் இறக்கி, மேல்நோக்கிச் சுண்டினால் கழன்று நீந்திப் போகும். ஆனால் வயிறு உப்பாமல் துவண்டு, செவுள் மெதுவாக அடித்தது என்றால் காரணம் ஆழம் இல்லை, படம். மேல்தண்ணீர் சூடு, வெளியே வெயில், ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாலே அதற்குப் பெரிய பாடு. அப்போது நிமிர்த்திப் பிடித்து, அதுவாக வாலை அடித்துப் போகும்வரை கையை விடாதீர்கள்.

வேறு குட்டைக்கு மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள், இது நம் ஆற்று மீன்களைத் தின்னும் வெளிநாட்டு மீன். சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த தாதுவும் வருவது வழக்கம், அதனால் தோண்டிய குட்டையின் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

கயாக்கில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இந்தக் குட்டைகளில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடி ஐந்து மீட்டராக இருக்கும், கரைக் களிமண் பிடிக்கப் பிடிக்கச் சரியும், நீந்தத் தெரிந்தவர்களே ஏறமுடியாமல் போயிருக்கிறார்கள். குண்டு இறக்கிப் பார்த்த பிறகு எத்தனை மீட்டரில் வாடை வந்தது என்று எழுதுங்கள், எந்த எடை ஜிக் சரியாக இருக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.