காரின் ஏசி காஸை நாமே ஏற்றலாமா?

ஏசியில் குளிர்ச்சி குறைந்துவிட்டது, காஸ் டின் வாங்கி நானே ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காஸைத் தொடாதீர்கள், அதற்கு முன் பார்க்க வேண்டிய வேலைகளை நீங்களே பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயிலில் என் காருக்கும் இதே நிலை வந்தது. பணிமனையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "காஸ் போயிடுச்சு சார்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, டாஷ்போர்டுப் பெட்டியை இரு பக்கமும் அழுத்திக் கீழே இறக்கி, அதன் பின்னாலிருந்த, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினேன். மடிப்பெல்லாம் வேப்பஞ்சருகும் செம்மண்ணும் அப்பியிருந்தன. தட்டியபோது பல்லி முட்டை ஓடு ஒன்றும் விழுந்தது. அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையில் இருக்குமாறு புதிய ஃபில்டரைச் செருகியதும் காற்றின் வேகம் திரும்பியது.

இருந்தும் சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பாகவும், ஓடும்போது குளிர்ச்சியாகவும் காற்று வந்தது. இது, காஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் பக்கம் கோளாறு என்பதற்கு நல்ல அடையாளம். ரேடியேட்டருக்கு முன்னாலிருக்கும் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பூச்சிகளும் மண்ணும் அடைந்திருந்தன. எஞ்சின் ஆறிய பிறகு, செடிக்கு விடும் ஹோஸால் மெதுவாகக் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் செய்யும் பிரஷர் கன் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். ஏசியைப் போட்டதும் முன்பக்க விசிறி சுற்றுகிறதா என்பதையும், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். காருக்குள் கால் மிதியடி நனைந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

இனி காஸ். அது பெட்ரோலைப்போல எரிந்து தீரும் பொருளன்று. கணிசமாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. காஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் எண்ணெயும் சேர்ந்து வருவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருப்பதைப் பலமுறை கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

டின்னோடு வரும், அழுத்தம் மட்டும் காட்டும் ஒற்றை மீட்டரை நம்பி ஏற்றுவதில்தான் சிக்கல். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ காஸ் 30 டிகிரி வெப்பத்தில், வண்டி ஓடாமல் நிற்கும்போது, ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே திரவமாக 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே அழுத்தந்தான். ஓடும்போது வரும் அழுத்தமோ வெயிலையும் விசிறியையும் பொறுத்து மாறும். ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதை எடைதான் சொல்லும். கூடிப்போனால் கண்டென்சரில் திரவம் தேங்கிக் குளிர்ச்சி இன்னும் குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பதால், தெறித்தால் கண்ணையும் தோலையும் உறையவைத்துப் புண்ணாக்கிவிடும்.

கடைக்குப் போனால், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கும் பம்பால் அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுத்தபின், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.