கோவில்பட்டி அம்மாவுக்கு: விளையாட்டு மேலாண்மை படிக்க அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறான், மாவட்ட அளவில் ஹாக்கி ஆடியவன், இப்போது விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அப்பா, "விளையாட்டுக்கு எதற்குக் காலேஜ்?" என்கிறார். நடுவில் ஓர் ஏஜென்ட் வந்து, வீட்டுப் பத்திரம் இருந்தால் போதும், அமெரிக்காவிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தூக்கமில்லாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று பேரில் உங்கள் மகன் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் அவன் அவசரப்படுகிறான். அதை மட்டும் சரிசெய்தால் போதும் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இது விளையாடக் கற்றுத்தரும் படிப்பு இல்லை. பள்ளியில் பி.டி. ஆசிரியர் ஆவதற்கான பி.பி.எட். படிப்பும் இல்லை. (இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர்.) இருபதாயிரம் பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு டிக்கெட் விற்க வேண்டும், நெரிசல் இல்லாமல் உள்ளே விட வேண்டும், தண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும், ஸ்பான்சருக்கு வாக்குக் கொடுத்த பலகை சொன்ன இடத்தில் தெரிய வேண்டும், கடைசியில் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். இதைத் திட்டமிடவும் நடத்தவும் சொல்லித்தருகிறார்கள். கூடவே ஒப்பந்தச் சட்டம், கணக்கு, மார்க்கெட்டிங் உண்டு.

இந்தப் படிப்பு பிறந்த கதையை அப்பாவிடம் சொல்லுங்கள். 1957-இல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி உரிமையாளர் வால்டர் ஓமாலி, ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு விளையாட்டரங்கையோ, பந்தயத் திடலையோ, நாடக அரங்கையோ, கண்காட்சிக் கூடத்தையோ நடத்துவதற்கென்றே படித்த ஆள் வேண்டுமென்றால் எங்கே போய்த் தேடுவது என்று அதில் கேட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1966-இல், ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பாக அது தொடங்கியது. விளையாட்டரங்கையும் நாடக அரங்கையும் அவர் ஒரே மூச்சில் கேட்டதைப் பாருங்கள். விளையாட்டும் பொழுதுபோக்கும் ஒரே பட்டத்தில் சேர்ந்து வருவது அதனால்தான். நம் சென்னை நேரு விளையாட்டரங்கில் கால்பந்தும் நடக்கிறது, இசை நிகழ்ச்சியும் நடக்கிறது. மேடை மாறினாலும் வாசலும் கூட்டமும் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடமும் மாறுவதில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.காம். படிக்கும்போதே போட்டிகளுக்கு வாலண்டியராகப் போனவள். சென்னையில் ஒரு ஹாக்கிப் போட்டியின்போது அவள் வேலை செய்வதைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் முழுக்க அவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டியே நின்றாள். ஒரு கோலைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் முழுக்கப் படிக்கட்டிலும் வாசலிலும் இருந்தது. கழுத்தில் ஒரு நிற அட்டை மாட்டியவர் எதுவரை போகலாம், இன்னொரு நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் கேட் எண் தெரியாமல் தடுமாறியபோது, தன் இடத்தில் இன்னொரு பையனை நிறுத்திவிட்டுத்தான் அவரை அழைத்துப் போனாள். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு மேசையில் வாக்கி டாக்கிகளை வரிசையாக அடுக்கி எண்ணினாள். 27 கொடுத்திருக்கிறாள், 26 வந்திருக்கிறது. அந்த ஒன்று கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் மருத்துவ அறையில் சார்ஜரில் கிடந்தது.

உங்கள் மகன் ஆசைப்படும் வேலை இதுதான் அம்மா. வீரர்களோடு படம் எடுத்துக்கொள்வது எப்போதாவது நடக்கலாம். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் மற்றவர்களுக்கு, இவனுக்கு அன்றுதான் வேலை. இது சின்ன வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, வெற்றி விழாவைப் பார்க்க வந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் இறந்துபோனார்கள். இங்கிலாந்தில் 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலுக்கு 97 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் அங்கே பெரிய கால்பந்து மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போட்டார்கள். ஒரு வாசலில் எத்தனை பேரை எவ்வளவு நேரத்தில் விடலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நமக்கு நிறைய வேண்டும். இந்தப் படிப்பை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, வேலை கிடைக்குமா? ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது என்று உங்கள் மகன் சொல்லியிருப்பான். உண்மைதான். ஆனால் ஐ.பி.எல். நடப்பது ஆண்டுக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டும், மீதிப் பத்து மாதத்துக்கு ஓர் அணி வைத்துக்கொள்ளும் ஆட்கள் மிகக் குறைவு. ஆகவே, "சி.எஸ்.கே.யில் சேரப்போகிறேன்" என்று மட்டும் ஒரு பிள்ளை சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும். ஈவென்ட் கம்பெனி, ஒளிபரப்பு நிறுவனம், ஸ்பான்சர்களுக்காக வேலை பார்க்கும் ஏஜென்சி, அரங்கங்கள், விளையாட்டுச் சங்கங்கள் என்று பரவலாகப் பார்க்கிறவன் பிழைத்துக்கொள்வான். ஸ்பான்சர் பணமும் நிலையானது என்று நினைக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும், இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம் லெவன் பெயர் உடனே போய்விட்டது. தொடக்கச் சம்பளமும் பி.காம். முடித்த மற்ற பிள்ளைகள் வாங்குவதைவிடப் பெரிதாக இருக்காது. இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் பாருங்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி, 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை, அதில் 24 அணிகள். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் மகன் படித்து முடித்து வெளியே வருகிற நேரமும் ஏறத்தாழ அதுதான்.

அதற்காக இளநிலையிலேயே இந்தப் பட்டத்தைப் படிக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. பி.காம். அல்லது பி.பி.ஏ. படிக்கட்டும். பதினேழு வயதில் ஒரே கதவை மட்டும் திறந்து வைப்பது நல்லதில்லை. கணக்கும் ஜி.எஸ்.டி.யும் ஒப்பந்தமும் தெரிந்த பையன் எந்தப் போட்டி அலுவலகத்துக்கும் வேண்டும். விளையாட்டு இல்லையென்றாலும் அவனுக்கு வேறு வேலை உண்டு. மூன்று ஆண்டு கழித்தும் இதே ஆசை இருந்தால் முதுநிலையில் இதற்கு வரட்டும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே இந்தத் துறையில் எம்.பி.ஏ. உண்டு. புனேயில் சிம்பயாசிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க ரோத்தக் ஐ.ஐ.எம். ஒரு படிப்பு நடத்துகிறது. மும்பையில் ஐ.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனத்தை 2010-இல் தொடங்கியவர் நிலேஷ் குல்கர்னி. 1997-இல் கொழும்பில் தன் முதல் டெஸ்டின் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தவர். அதே இன்னிங்சில் இலங்கை 952 ரன் குவித்தது, அவருக்கு மறு விக்கெட் கிடைக்கவில்லை. மொத்தம் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். ஆட்டக்காரனாக நின்றுபோனால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் அவரைத்தான் சொல்வேன்.

எந்தக் கல்லூரியானாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். போன ஆண்டு மாணவர்கள் எந்தெந்தப் போட்டியில், எத்தனை நாள், என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். "இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்வோம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. முடித்துப் போன இரண்டு மாணவர்களோடு உங்கள் மகன் நேரில் பேச வேண்டும். பேச ஏற்பாடு செய்யாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அந்த ஏஜென்ட் விஷயம். அமெரிக்காவில் இந்தக் கல்வி நன்றாகவே இருக்கிறது. சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மை என்ற பெயரிலேயே ஒரு துறை உண்டு. அந்த ஊரில் பல்கலைக்கழகத்துக்கே 18,000 பேர் அமரும் உள்ளரங்கமும், 77,000-க்கு மேல் அமரும் அமெரிக்கக் கால்பந்து மைதானமும் இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பயிற்சிக்கூடம் மாதிரி. ஆனால் படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க மாணவர்களுக்குக் கிடைப்பது 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தப் பட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஏஜென்ட் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்து நான்கு ஆண்டு படித்து, ஒரே ஆண்டில் அந்தக் கடனை எப்படி அடைப்பது? வீட்டை வைக்காதீர்கள் அம்மா. இங்கே இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, கையில் அனுபவமும் உதவித்தொகையும் இருந்தால், அன்றைக்கு முதுநிலைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம்.

இப்போது செய்ய வேண்டியது உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்கு ஹாக்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, ஆட வேண்டாம், அலுவலகத்தில் உதவிக்கு வருகிறேன் என்று போய்க் கேட்கச் சொல்லுங்கள். வெளியூர் அணிகளுக்கு ரயிலடியிலிருந்து வண்டி, தங்கும் இடம், சாப்பாடு, நடுவர்களுக்குப் பணம், விளக்குக்கு மின்சாரம், யார் யாருக்கு எவ்வளவு செலவாகிறது, எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதட்டும். மூன்றாம் நாள் அலுத்துப்போய் ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டால் அதுவும் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். அப்போது அவனைத் திட்டாதீர்கள்.

போட்டி முடிந்ததும் மூன்று பேருமாக ஒருமுறை வாருங்கள். அப்பாவும் வரட்டும். அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.