மாதம் உட்காருதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சான் பிரான்சிஸ்கோவில் என்னுடன் வேலை பார்க்கும் தோழி அங்கேயே பிறந்தவள். அவள் அம்மா ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர். தோழி பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே இருவருக்கும் சண்டை. தலைக்குக் குளிக்கக் கூடாதாம், தர்பூசணி கூடாதாம். வீடெல்லாம் வினிகர் நெடி வேறு. இது மூடநம்பிக்கையா, அம்மாவின் அதிகாரமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதிச் சண்டை மொழிபெயர்ப்பில் வருவது. தர்பூசணி ‘குளிர்ச்சி’ என்று அந்த அம்மா காண்டனீஸில், அதாவது ஹாங்காங்கில் பேசும் சீன மொழியில், சொன்னால் நமக்கு உடனே விளங்கும்; நம் பாட்டிகளும் அதைத்தான் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அது ‘கோல்டு’ ஆகிவிடுகிறது. “ஃப்ரிட்ஜில் வைக்கவே இல்லையே” என்பார் மகள். அம்மாவிடம் அதற்குமேல் ஆங்கிலம் இருக்காது, மகளிடம் அதற்குமேல் காண்டனீஸ் இருக்காது. பிறகென்ன, குரல்தான் உயரும்.

பிரசவத்துக்குப் பிந்தைய இந்தப் பத்தியத்துக்குச் சீனர்களிடம் ‘மாதம் உட்காருதல்’ என்றே பெயர். 30 நாள். ரத்தம் போன உடம்பு குளிர்ந்துவிட்டது, சூடு ஏற்றவேண்டும் என்பது கணக்கு.

வினிகர் நெடிக்கு வருகிறேன். அது பிரசவித்தவளுக்குக் கொடுக்கும் ஒரு பத்தியச் சமையல். தோல் சீவிய முற்றிய இஞ்சி 1 கிலோவை நசுக்கி, எண்ணெய் விடாமல் ஈரம் வற்றும்வரை வறுத்து, சுமார் 2.5 லிட்டர் இனிப்புக் கறுப்பு வினிகரில் மண்சட்டியில் கொதிக்கவிடுவார்கள். இரும்பு, அலுமினியம் உதவாது, புளிப்பு அரித்துவிடும். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுகிற வேலை இது. ஊற ஊற இஞ்சியின் காரம் அடங்கும். கொதிநீரில் போட்டெடுத்த பன்றிக்கால் பிறகுதான் சேரும். அவித்து உரித்த முட்டையை அடுப்பை அணைத்தபின் போடவேண்டும். கூடவே கொதித்தால் ரப்பராகிவிடும்.

குளியலுக்கு வழி இருக்கிறது. இன்று பல வீடுகளில் இஞ்சித்தோல் போட்டுக் கொதித்த நீரை வெதுவெதுப்பாக ஆறவைத்துத் தலைக்கு ஊற்றி, உடனே டிரையரால் உலர்த்திவிடுகிறார்கள். அம்மாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

ஆனால் இரண்டு விஷயத்தில் தோழி பிடிவாதமாக இருக்கட்டும். மாதம் முழுக்கப் படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், வீட்டுக்குள்ளாவது நடக்கவேண்டும். அரிசி மதுவில் சமைத்த கோழி வந்தால், கொதிப்பதால் மட்டும் மது முழுதாகப் போய்விடாது. பாலூட்டும்போது தவிர்ப்பது நல்லது.

பிடிக்காவிட்டாலும் அந்தச் சட்டியைக் கொட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவும் தோழி ஒருவருக்கென்று வைத்ததல்ல. குழந்தை பிறந்த செய்தியாக உறவினருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போவது அது.