மூன்று வாரச் சம்பளத்தை நம்பி யார் கடன் தருவார்?

மும்பை மாட்டுங்காவில் ஒரு வங்கிக் கிளையின் கடன் மேசையில் 22 ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் காபி ஆறுவதற்குள் யாராவது காகிதக் கட்டோடு வாசலில் நிற்கிறார்கள். இம்முறை சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதி: வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, கடன்தான் கிடைக்கவில்லை. முதல் கேள்வி தாராவிக்காரர் ஒருவருடையது.

தாராவி 90 அடிச் சாலையில் என் வீடு. துபாயில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சம்பளம் 8,000 திர்ஹம். வாடகைக்கும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் 40,000 திர்ஹம் தனிநபர் கடன் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். மும்பையில் என் சிபில் கடன் மதிப்பெண் 790. அதைக் காட்டியும் பலனில்லையே, ஐயா?

சிபில் எண் கடல் தாண்டாது, தம்பி. துபாய் வங்கி பார்ப்பது அந்நாட்டுக் கடன் பதிவேடான அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையை. அந்த ஏட்டில் நீங்கள் நேற்றுப் பிறந்த குழந்தை. சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை மாதம் தவறாமல் கணக்கில் வந்து விழுந்தது என்பதைத்தான் கடன் மேசை முதலில் பார்க்கும். மூன்று வாரத்தில் உங்களிடம் ஒரு முழுச் சம்பளச் சீட்டுகூட இருக்காது. தகுதிகாண் காலம் அங்கே ஆறு மாதம் வரை போகலாம். அதற்குள் வேலை போனால் பணத்துக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் வங்கியின் கவலை. உங்கள் நிறுவனம் வங்கியின் ஏற்புப் பட்டியலில் இருந்தால் சற்று முன்னதாகவே தரக்கூடும், அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கிடைக்கும் நாளில் எவ்வளவு வாங்குவது என்பதில்தான் உங்களைப் பற்றி எனக்குப் பயம். அந்நாட்டு மத்திய வங்கியின் 2011 விதிப்படி, தனிநபர் கடன் மாதச் சம்பளத்தின் 20 மடங்கு வரை போகலாம். 48 மாதத்தில் அடைத்தாக வேண்டும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 1,60,000 திர்ஹம் வரை வரும் என்று விற்பனைப் பையன் ஆசை காட்டுவான்.

அவன் சொல்லும் வட்டியையும் உரித்துப் பாருங்கள். ‘வெறும் 5 சதவீதம், ஃபிளாட்’ என்பான். 40,000 திர்ஹத்துக்கு ஆண்டுக்கு 2,000 வட்டி, நான்கு ஆண்டுக்கு 8,000. மொத்தம் 48,000, மாதம் 1,000. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசித் தவணை வரை முழு 40,000-க்கும் போடப்படுகிறது. குறையும் இருப்புக்குக் கணக்கிட்டால் இது சுமார் ஒன்பதே கால் சதவீதம். இதே விகிதத்தில் 1,60,000 வாங்கினால் தவணை 4,000, உங்கள் சம்பளத்தில் சரிபாதி. மீதியில் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அடங்க வேண்டும்.

தவணை தவறினால் நம்மூர் போல வசூல்காரர் வாசலில் கத்திவிட்டுப் போவதோடு முடியாது. நீதிமன்றம் வழியாகப் பயணத்தடை வாங்க அங்கே கடன் கொடுத்தவருக்கு வழி உண்டு. தடை விழுந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விமானம் ஏற முடியாது. ஆறு மாதம் பெட் ஸ்பேஸில், அதாவது பலரோடு பகிரும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்து, இருங்கள். குடும்பம் அதுவரை தாராவியிலேயே இருக்கட்டும். நிறுவனத்திடம் சம்பள முன்பணம் கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கமில்லை.

என் கணவர் போன மாதம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார். இங்கே அவருடைய பழைய சம்பளக் கணக்கில், செயலியைத் திறந்தாலே ‘6 லட்சம் ரூபாய் உடனடிக் கடன், ஒரே தட்டு’ என்று வருகிறது. அங்கிருந்தே தட்டிவிடலாமா? (செம்பூர்)

வேண்டாம், அம்மா. அந்த அழைப்பு மும்பையில் வேலை பார்த்த பழைய மனிதருக்கு வந்தது. அவர் வேலையை விட்டதும் நாட்டை விட்டதும் செயலிக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் பழைய நிறுவனத்தின் பெயரை விட்டுவைத்து ‘சரி’ என்று தட்டினால், அது தெரிந்தே கொடுத்த தவறான தகவல். நாளை தவணை தவறினால் முதலில் தோண்டப்படுவது அதுதான்.

இன்னொன்றையும் பலர் தப்பாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். 182 நாள் கழிந்தால்தான் வெளிநாடுவாழ் இந்தியர் என்பது வருமானவரிக் கணக்கில் வரும் எண். அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, வேலைக்கென்று நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்தே அவர் வெளிநாடுவாழ்பவர். பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை இங்கே அனுப்பத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியிலோ 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் தீர்வையும் பிடிப்பார்கள். உண்மையாகவே கடன் தேவையென்றால், வெளிநாடுவாழ் இந்தியருக்கென்று கடன் தரும் வங்கிகள் உண்டு. பெரும்பாலும் இங்கே இருக்கும் உறவினர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

ஜெர்மனியிலேயே கடன் கேட்டுப் பார்க்கலாமா என்று முலுண்டிலிருந்து ஒரு வாசகர் தனியாகக் கேட்டிருக்கிறார். அங்கே ஷூஃபா என்ற கடன் பதிவேடு உண்டு. தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை. அதற்குள் கேட்டால் பெரும்பாலும் கதவு திறக்காது. பிறகும், குடியிருப்பு அனுமதி முடியும் தேதிக்குள் கடன் அடைபடுமா என்று பார்ப்பார்கள். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் 14 நாளுக்குள் விலகிக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது.

மகனுக்கு சவூதியில் வெல்டர் வேலை. பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கிறது. முகவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார். வங்கி தரவில்லை. மாதம் 5 வட்டிக்கு ஒருவர் தருகிறார். வாங்கலாமா? (சயான் கோலிவாடா)

வட்டிக்கு அப்புறம் வருவோம். அந்த 1,80,000 எதற்கு என்று முகவரிடம் கேட்டீர்களா?

1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீதும் தர வேண்டும். இதைச் சொன்னால் முகவர் சிரிப்பார். ‘எல்லாரும் கொடுக்கிறார்கள்’ என்பார். எல்லாரும் கொடுப்பதால்தான் அவர் சிரிக்கிறார். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசு அதிகாரியான குடியேற்றப் பாதுகாவலரின் அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது. புகார் கொடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ‘முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி வட்டி. மாதம் 5 என்றால் ஆண்டுக்கு 60. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். பையன் சவூதியில் இரும்பை ஒட்டவைக்கும் கூலியில் நல்ல பங்கு கோலிவாடாவிலேயே கரைந்துவிடும். நியாயமான கட்டணத்துக்கும் வழிச்செலவுக்கும் பணம் வேண்டுமென்றால், வீட்டில் கிடக்கும் நகையை வங்கியில் வையுங்கள். பையன் கிளம்பும்போது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு அடிப்படைப் பிரீமியம் 275 ரூபாய்தான். காப்பீடு 10 லட்சம்.

தம்பி சிங்கப்பூர் போகிறான். அவன் வாங்கும் கடனுக்கு நான் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெயருக்குத்தான் என்கிறான். (டோம்பிவிலி)

பெயருக்கு என்று ஒரு கையெழுத்து வங்கியில் கிடையாது. கடன் முழுவதும் உங்களுடையதும்தான். உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும். என் மேசைக்கு ஒருமுறை ஓர் அக்கா வந்தார். தம்பி நல்ல பையன், சம்பளமும் ஒழுங்காக வருகிறது. ஆனால் வெளிநாடு போனவன் மும்பை சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை; எண் செத்துவிட்டது. ஓடிபி வராததால் நெட்பேங்கிங்கில் நுழைய முடியவில்லை. தவணை பிடிக்கும் கணக்கில் 612 ரூபாய் இருந்தது. மூன்று தவணை திரும்பியது. அக்கா கேட்டிருந்த வீட்டுக் கடனை நாங்கள் நிறுத்திவைத்தோம். கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்தான். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போடுவதென்றே முடிவானால், மூன்று தவணைப் பணம் எப்போதும் அந்தக் கணக்கில் கிடக்கட்டும். சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைக்கச் சொல்லுங்கள். தானியங்கிப் பிடித்தம் பணமின்றித் திரும்புவது, காசோலை திரும்புவது போலவே வழக்குக்குரிய குற்றம் என்பதையும் தம்பி காதில் போடுங்கள்.

கிரெடிட் கார்டில் 2 லட்சம் பாக்கி. குவைத் போகும்போது விமான நிலையத்தில் நிறுத்துவார்களா?

கார்டு பாக்கிக்காக யாரும் வாசலில் நின்று பிடிப்பதில்லை. கடன்காரரை நாட்டை விட்டுப் போகவிடாமல் நிறுத்தும் தேடுதல் சுற்றறிக்கையைப் பொதுத்துறை வங்கித் தலைவர்களே கேட்கலாம் என்றிருந்த அதிகாரத்தைக்கூட, 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்காகக் கிளம்பிப் போய்விடாதீர்கள். வட்டி உங்களுக்கு முன்னால் ஓடும். புறப்படும் முன் வங்கிக்குப் போய்த் தவணையாக மாற்றிக் கேளுங்கள்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். இந்தியாவில் கடன் எடுத்துத் திருநெல்வேலி பக்கம் இரண்டு ஏக்கர் வயல் வாங்கலாமா?

முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க ஃபெமாவில் அனுமதியில்லை. இங்கே எடுக்கும் ரூபாய்க் கடனையும் அதற்குப் போட முடியாது. அப்பா விட்டுச்செல்லும் வயல் உங்களுக்கு வரத் தடையில்லை. ஊருக்குள் வீடோ வீட்டுமனையோ என்றால் எழுதுங்கள், அது வேறு கணக்கு.