டென்மார்க்கின் கிராமப்புறம் நேரில் பார்க்க எப்படி இருக்கும்?

மலையை எதிர்பார்க்காதீர்கள். நாட்டின் மிக உயரமான இயற்கை மேடான மோலெஹோயே சுமார் 171 மீட்டர்தான். பாதிக்கும் மேற்பட்ட நிலம் விவசாயம். வயல், காற்றாலை, வெள்ளையடித்த தேவாலயம், மறுபடி வயல்.

எனக்குப் பிடித்தது ஃபியூன் தீவின் சாலையோரக் கடைகள். கடை என்றால் கூரை போட்ட ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். உள்ளே முட்டை, ஸ்ட்ராபெரி, மண் ஒட்டிய புது உருளைக்கிழங்கு. ஆளே இல்லை! உண்டியலில் காசைப் போட வேண்டும், இல்லையென்றால் அங்கே எழுதியிருக்கும் எண்ணுக்கு மொபைல்பேயில் அனுப்ப வேண்டும். முதல் தடவை நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன்.

அப்புறம், மக்களைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு இது. ஆனால் பெரும்பாலானவை மூடிய கொட்டகைகளுக்குள் இருப்பதால் கண்ணில் படுவது அபூர்வம். வசந்தத்தில் வயலுக்கு அவற்றின் சாணக் கரைசலை அடிக்கும்போது மூக்குக்குத் தெரிந்துவிடும்.