மாமியார் வீட்டு மீட்டர்

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் மண் வீடு கட்டி மூன்று வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். சோலார், கிணற்றுத் தண்ணீர், கரண்ட் பில்லே கிடையாது. ஆசையாக வந்த மனைவி இப்போது எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை ஆனால் துணி மூட்டையும் ஏழு வயது மகளுமாகத் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். தனியாக இருக்கும் அத்தைக்கும் அதில் சந்தோஷம்தான். 'இந்தத் தடவை 500 யூனிட் தாண்டிருச்சு மாப்பிள்ளை' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவிக்கு இந்த வாழ்க்கையின் அருமையை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்களுக்குக் கரண்ட் பில் இருக்கிறது. அது உங்கள் மாமியார் பெயரில் வருகிறது.

ஒற்றை ஆள் இரண்டு மாதத்தில் 500 யூனிட் எப்படிச் செலவழிப்பார்? துணி துவைக்கும் மெஷின் அவ்வளவு இழுக்காது. பிள்ளை தூங்க ஓடும் ஏ.சி., ஒரு வாரத்துக்கு அரைத்தெடுக்கும் மாவு, சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் பேட்டரிகள், அயர்ன் பண்ணும் யூனிஃபார்ம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கட்டுவதில்லை, அதனால் அவர் சிரித்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் ஒரு மாமியார் வேறு எப்படிச் சொல்வார்?

நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பேனல் நாலு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடந்தால் அதில் கால்வாசி வந்தாலே பெரிசு. லெட் ஆசிட் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் நாலைந்து வருடம் வர வேண்டியது அதற்கு முன்பே போய்விடும். உங்களுடையதற்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. அடுத்த பேட்டரிக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது உங்கள் தோப்பைச் சுற்றியிருந்த ஊரெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்க, பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தார்கள். அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த வாழ்க்கையின் அருமை எப்படி இருந்தது என்று. கம்பத்தில் மறுபடி கரண்ட் வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படவில்லை.

மண் வீடு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டவன் செலவையும் சுமக்க வேண்டும். உங்கள் ஆசைக்கு மனைவி மூட்டை சுமக்கிறாள், வயதானவர் பென்ஷனில் பங்கு கொடுக்கிறார். கட்டிக்கொடுத்த பெண் வாராவாரம் அழுக்குத் துணியோடு தாய் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும்? நீங்கள் என்னவென்றால் அவருக்கும் சந்தோஷம்தான் என்று எழுதுகிறீர்கள். கொஞ்சம் கூச்சப்படுங்கள்.

மனைவிக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள். மூட்டையை நீங்கள் தூக்குங்கள். இதுவரை ஏறிய பில் தொகையை அத்தை கையில் கொடுங்கள், வேண்டாம் என்பார், வைத்துவிட்டு வாருங்கள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மூன்று பேர் துணியும் உங்கள் வேலை. கிணற்றடியில், கையால், யூனிஃபார்ம் காலரும் வெளுக்க வேண்டும். கார்த்திகை மழையில் அது காயவும் வேண்டும்.

அது முடியாது என்றால் வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு கேட்டு மின்வாரியத்தில் எழுதிக்கொடுங்கள். சோலாரை யாரும் பிடுங்கப்போவதில்லை, அதுபாட்டுக்குக் கூரை மேல் இருக்கட்டும். தோப்புக்குள் கம்பம் நட்டு லைன் இழுக்க அவர்களுக்கும் நாள் பிடிக்கும். மழைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.