கருப்புத் திரை இன்னும் எதற்கு?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேபில் லினக்ஸ் கமாண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மவுஸில் இரண்டு க்ளிக்கில் முடிவதற்கு ஏன் கருப்புத் திரையில் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

இரண்டு க்ளிக்கில் முடிகிற வேலைக்கு மவுஸே போதும். போட்டோவை வெட்டி ஒட்டவோ, புது மென்பொருளில் என்னென்ன இருக்கிறதென்று துழாவவோ நானும் ஷெல் (கமாண்டை வாங்கி ஓட்டும் மென்பொருள்) பக்கம் போவதில்லை.

ஆனால் 1986இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டுரை ஒன்றில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிட நிரல் எழுதித் தரும்படி கணினி விஞ்ஞானி டொனால்ட் கனூத்திடம், கணினி இதழ் ஒன்றில் பத்தி எழுதிவந்த ஜான் பென்ட்லி கேட்டார். கனூத் பல பக்கத்துக்கு எழுதினார். அதை விமர்சிக்க வந்த, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் குழுவைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், ஆறே கமாண்டில் அதே வேலையை முடித்துக் காட்டினார். (கனூத் காட்ட வந்தது நிரலை மனிதர் படிக்கும்படி எழுதும் முறையை. அதனால் ஒப்பீடு கொஞ்சம் அநியாயம்தான்.)

அந்த ஆறில் ஒன்றுகூடச் சொற்பட்டியல் போடுவதற்கென்று செய்ததல்ல. முதலாவது, வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கும். அடுத்தது எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும். 'சார்ட்' ஒரே சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரும், 'யூனிக்' அவற்றை எண்ணும். மறுபடி 'சார்ட்', இப்போது எண்ணிக்கைப்படி. கடைசியாக 'செட்', மேலே உள்ள சில வரிகளோடு நிறுத்திவிடும். ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தள்ளுவது பைப். யூனிக்ஸில் அது 1973இல் வந்தது. வேண்டும் வேண்டும் என்று நச்சரித்து வாங்கியவரும் இதே மெக்கில்ராய்தான். யாரும் யோசித்து வைக்காத வேலைக்கு மெனுவில் பட்டன் இருக்காது.

அப்புறம், நண்பனுக்குப் போனில் வழி சொல்லிப் பாருங்கள். "மேலே மூலையில் மூணு கோடு இருக்கும் பாரு, அதை அமுக்கு." அடுத்த அப்டேட்டில் அந்த மூன்று கோடு வேறெங்கோ போயிருக்கும். கமாண்ட் என்றால் ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஃபைலில் போட்டு வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் 'கிரான்' தானாக ஓட்டிக்கொள்ளும்.

1984இல் கமாண்ட் லைனே இல்லாமல் மேக்கிண்டாஷை விற்ற ஆப்பிளே, 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸோடு கமாண்ட் தட்டும் திரையான டெர்மினலையும் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2006இல் பவர்ஷெல் என்ற புது ஷெல்லைக் கொண்டுவந்தது.

குறைகளும் உண்டு. பல டெர்மினல்களில் தமிழைப் பார்த்தால் கண்ணீர் வரும்; கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மனப்பாடத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். 'மேன்' என்று அடித்துக் கமாண்டின் பெயரைப் போட்டால் கையேடே வந்து நிற்கிறது, பிறகு எதற்கு உருப்போட வேண்டும்? ஃபைலை அழிக்கும் 'ஆர்எம்' ஒன்றிடம் மட்டும் ஜாக்கிரதை. அதற்கு ரீசைக்கிள் பின் கிடையாது. முதலில் வேண்டாத ஃபோல்டர் ஒன்றில் பழகுங்கள்.